மாட்யூல் போயிடுச்சு சார்!

வருஷத்துக்கு இருபத்தொரு நாள் லீவு. இந்த முறை அதில் நாலு நாளை ஒரே ஒரு போல்ட் தின்னுடுச்சு. கதையைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

நாகர்கோவில்காரங்க எங்களுக்கெல்லாம் விமான நிலையம்னா திருவனந்தபுரம்தான். மச்சான் என் காரையே எடுத்துக்கிட்டு கூப்பிட வந்திருந்தார். பத்து மாசம் ஷெட்டில் நின்ன வண்டி. பைபாஸில் திருவல்லம் பக்கம் வரும்போது ரெண்டு தடவை திணறி நின்னுடுச்சு. பின் சீட்டில் பிள்ளைங்க, டிக்கியில் பெட்டிகள், மேலே மழை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போனோம். ஸ்கேனரை மாட்டினதும் யு0109னு ஒரு கோட் வந்தது. "மாட்யூல் போயிடுச்சு சார். முப்பத்திரண்டாயிரம். பார்ட் வர ஒரு வாரம்." ஊர் வந்து சேர்ந்ததும் அப்பா, "மக்களே, லீவே கொஞ்ச நாளு, பணத்தப் பாக்காத, மாத்திரு"ன்னார். நானும் தலையாட்டப் போனேன்.

மாட்யூல்னா என்ன? பழைய வண்டிகளில் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பை ஒரு ரிலே ஆன் பண்ணும், ஆஃப் பண்ணும், அவ்வளவுதான். இன்றைக்கும் நிறைய சின்ன கார்களில் இதே ஏற்பாடுதான். சில வண்டிகளில் மட்டும் நடுவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி உண்டு. எவ்வளவு பெட்ரோல் வேணும்னு இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும். அதுக்கேற்ப பம்பின் வேகத்தை இந்தப் பெட்டி கூட்டும், குறைக்கும்.

யு0109 சொல்வது ஒண்ணே ஒண்ணுதான்: இன்ஜின் கம்ப்யூட்டர் கூப்பிடுது, பம்ப் மாட்யூல் பதில் சொல்லலை. நீங்க ஊருக்குப் போன் போட்டு அம்மா எடுக்கலைன்னா என்ன நினைப்பீங்க? கரண்ட் இல்லையா, சார்ஜ் இல்லையா, டவர் இல்லையான்னுதானே முதலில் கேட்பீங்க? இங்கே மட்டும் ஏன் நேராக சாவுச் செய்தி?

கரமனையில் ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கார்னு மச்சானின் நண்பர் சொல்ல, நாலாம் நாள் வண்டியை அங்கே கொண்டு போனோம். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தார். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். அடுத்து ஃபியூஸ். பிறகு மாட்யூலின் பிளக்கைக் கழற்றி, கரண்ட் வரும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் காட்டுச்சு. "கண்டோ, எல்லாம் சரி"ன்னு சிரிச்சுட்டு, அதே இடத்தில் ஒரு 21 வாட்ஸ் பல்பை மாட்டினார். மின்மினி மாதிரி மினுங்குச்சு. பல்பின் எர்த் ஒயரை மட்டும் எடுத்து வண்டியின் சுத்தமான இரும்பில் வைத்தார். பளீர்!

மீட்டர் இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டிடும். பல்புக்கோ பம்புக்கோ வேண்டிய கரண்டை அந்த இழையால் கொடுக்க முடியாது. டிக்கி மேட்டுக்கு அடியில் எர்த் போல்ட் பச்சைப் பாசி பிடிச்ச மாதிரி இருந்தது. கடல் காத்தும் பத்து மாச ஈரமும் செய்த வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, கிரீஸ் தடவினார். எண்ணூறு ரூபாய். வண்டி சென்னை வரை போய் வந்தாச்சு.

முதல் மெக்கானிக்கைத் திருடன்னு சொல்ல மாட்டேன். சோதிச்சுப் பார்க்கிற வேலைக்கு நாம காசு தர்றதில்லை, பார்ட்டுக்குத்தான் தர்றோம். அதனால் அவர் பார்ட் விக்கிறார். லீவில் வந்தவனின் அவசரம் அவருக்கும் தெரியும். தப்பில் பாதி நம்முடையது.

மாட்யூல் நிஜமாவே சாகிறதும் உண்டு. கரண்டும் எர்த்தும் பல்பு சோதனையில் தேறி, தகவல் ஒயர்களும் நல்லா இருந்தும் மாட்யூல் பேசலைன்னா மாத்தத்தான் வேணும். ஆனா அப்பவும் பம்ப் எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு பார்க்கச் சொல்லுங்க. தேய்ஞ்ச பம்ப் அதிகமா இழுத்துப் புது மாட்யூலையும் எரிச்சுடும். பல வண்டிகளில் புது மாட்யூலை அந்த வண்டிக்கென்று புரோகிராம் பண்ணணும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கேளுங்க.

காசு கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்க. 2020 ஜூலையில் மாருதி, வேகன் ஆரும் பலேனோவுமாக 1,34,885 வண்டிகளைப் பெட்ரோல் பம்ப் கோளாறுக்காகத் திரும்ப அழைச்சது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 பழைய வண்டிகளுக்கு அறிவிச்சது. ரெண்டுமே இலவச மாற்று. நாம வெளிநாட்டில் இருக்கும்போது வர்ற கடிதம் ஊரில் பிரிக்காமலே கிடக்கலாம்.

வெளி ஒர்க்‌ஷாப்காரங்களுக்கும் நியாயம் வேணும். உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் அவங்களுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனது வேற கதை. கருவியும் தகவலும் கையில் இல்லாதவர் ஊகிக்கத்தான் செய்வார்.

அடுத்த தடவை ஊரில் வண்டி நின்னா, "எவ்வளவு ஆகும்?"னு கேட்கும் முன், "எதை வச்சு மாட்யூல்தான்னு சொல்றீங்க? லோடு கொடுத்துப் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. அந்தச் சோதனைக்கு ஆயிரம் ரூபாய் கேட்டா பேரம் பேசாமக் கொடுங்க. என் கணக்கில் மிச்சம் முப்பத்தோராயிரத்து இருநூறு. போன நாலு நாளை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியலை.