ஜவ்வாது மலையேறும் சைக்கிள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் கணியம்பாடி வரை வந்து, அங்கே பிரியும் கிளைச் சாலையைப் பிடித்தால் அமிர்தி. நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர்தான். ஜவ்வாது மலை மெல்லக் கிட்டே வந்து, அடிவாரத்தில் ஒரு பள்ளத்தாக்காக வழிவிடுகிறது. அங்கே ஆற்றின் ஒரு கரையில் 1967-இல் தொடங்கிய வன உயிரியல் பூங்கா, 25 ஹெக்டேர் பரப்பில். மறு கரை காடு. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அமிர்தி என்றால் பள்ளிச் சுற்றுலா, கட்டுச்சோறு, கூண்டுக்குள் மயில். பூங்காவைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

திருப்பாமல் மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அகலமான டயரும் ஹெல்மெட்டுமாகக் கிளம்பும் சைக்கிள்காரர்களுக்கு அமிர்திதான் தொடக்கம். அங்கிருந்து மலைக்குள் ஏறினால் நம்மியம்பட்டு; இன்னும் உள்ளே போனால் ஜவ்வாது மலை ஒன்றியத்தின் தலைமையிடமான ஜமுனாமரத்தூர். அந்த ஊருக்குப் போளூரிலிருந்தும் ஏறலாம், செங்கத்திலிருந்தும் ஏறலாம், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் வரலாம். ஒரு வழியில் ஏறி இன்னொரு வழியில் இறங்குகிற வசதி எல்லா மலைக்கும் வாய்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஏலகிரிக்கும் சைக்கிளில் போகிறார்கள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள், நல்ல தார், உச்சியில் தேநீர். ஆனால் அது சாலை சைக்கிளுக்கான மலை. விடுமுறை நாளில் கார்களின் புகையைக் குடித்துக்கொண்டே ஏற வேண்டும். காட்டையும் ஓடையையும் கல்லையும் தேடுகிறவருக்கு ஜவ்வாதுதான் சரி.

இங்கே ஓட்டுவது என்னவென்று தெரிய வேண்டுமானால் தரையைப் பார்க்க வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி பெரும்பாலும் இலையுதிர்க் காடு, அடிவாரத்தில் முட்புதர். மலைச் சாலைகளில் ஒரு மழைக்காலம் போனாலே தார் பெயர்ந்து ஜல்லி வெளியே வந்துவிடும். ஊருக்கு ஊர் போகும் மண் தடங்களில் உருண்டைக் கல், காய்ந்த சருகு, சருகுக்குள் முள். ட்யூப் போட்ட டயர் இங்கே ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. அதனால்தான் பழகியவர்கள் ட்யூபில்லா டயருக்குள் பால் போன்ற பசைத் திரவத்தை ஊற்றிக்கொள்கிறார்கள். முள் குத்தியதும் அது ஓட்டையை அடைத்துவிடும். காற்றையும் குறைத்துத்தான் வைப்பார்கள். கல்லென்று இறுகிய டயர் கல்லின் மேல் வழுக்கும், சற்றுத் தளர்ந்த டயர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே சின்ன கியரில் மிதிக்க வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடிப்பு இழந்து சுற்றும். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

மலை சைக்கிள் என்ற இந்த விளையாட்டு பிறந்த இடமும் ஏறக்குறைய இப்படிப்பட்ட காய்ந்த மலைதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் வட்டாரத்தில் 1970-களில் சில இளைஞர்கள் குப்பையில் கிடந்த 1930-களின், 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடியெடுத்தார்கள். பெரிய டயர், கனத்த இரும்புச் சட்டம். அவற்றை மலைமேல் கொண்டுபோய் மண் சாலையில் கண்மண் தெரியாமல் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் போட்டி நடந்தது. ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதை அது. பின்சக்கர அச்சில் இருந்த பிரேக் சூடேறிக் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கிரீஸைத் திரும்ப நிரப்ப வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் நிலைத்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி எல்லாம் அந்தக் கூட்டத்துப் பெயர்கள். இருபது ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகிவிட்டது. அதே மரின் வட்டாரத்தில் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதைத் தகராறு மூண்டு, பல ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. பாதை யாருடையது என்ற கேள்வி, விளையாட்டோடு கூடவே பிறந்த கேள்வி.

ஜவ்வாதில் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது சுலபம். பாதை மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களுடையது. சாமை விளைத்து, புளியும் தேனும் கடுக்காயும் சேகரித்து, தலைச்சுமையாகக் கீழே இறக்கியவர்களின் கால்கள் போட்ட தடங்கள் அவை. கீழே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தின் தோல் தொழிலுக்கும் மலைக்கும் அப்படி ஒரு பழைய உறவு உண்டு. குரோம் உப்பு வந்து எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்னால் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். இன்று நல்ல தோல் சீட் போட்ட சைக்கிளில் ஏறுகிறவர், தன் சீட்டின் தொழில் எந்தக் காய்களையும் பட்டைகளையும் நம்பியிருந்ததோ அவை விளையும் காட்டுக்குள்தான் போகிறார்.

காட்டுக்குள் நுழைவதற்குச் சட்டம் இருக்கிறது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு வயது அதிகம், 1882-ஆம் ஆண்டுச் சட்டம். ஊர்களை இணைக்கும் பொதுச் சாலையில் ஓட்டத் தடையில்லை. அதிலிருந்து விலகி ஒற்றையடிப் பாதையில் சக்கரத்தை இறக்கினால் வனத்துறையைக் கேட்டாக வேண்டும். ‘இரண்டு சக்கரம் என்ன கெடுத்துவிடப் போகிறது’ என்று சைக்கிள்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அனுமதி கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 வழிகளோடு தொடங்கியது; இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள், தீப்பிடிக்கும் கோடையின் முன்பகுதியில் வழிகள் மூடப்படும். அவை காலால் நடப்பதற்கான வழிகள். சக்கரத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வர வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சக்கரம் மண்ணைக் கெடுக்கும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மாண்டனாவில் மலைப்பாதைகளில் செய்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சைக்கிள் டயரைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. சிக்கல் வருவது பாதை தவறாகப் போடப்படும்போது. சரிவில் நேர்க்கோடாக இறங்கும் தடம் முதல் மழையிலேயே வாய்க்காலாகிவிடும். மலையின் இடுப்பைச் சுற்றி, சராசரிச் சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டாமல், கொஞ்சம் இறங்கிக் கொஞ்சம் ஏறிப் போகும் தடத்தில் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். அமிர்திக்கு இது மிகவும் பொருந்தும். அந்தக் காட்டுப் பக்கம் தோன்றும் நாகநதி கமண்டல நதியோடு கூடிச் செய்யாற்றுக்கும், அதன் வழியாகப் பாலாற்றுக்கும் போகிறது. வறண்டு கிடந்த அந்த நாகநதிக்கு வேலூர் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஊரக வேலைத் திட்டத்தில் நீர்செறிவுக் கிணறுகளும் தடுப்புகளும் கட்டி உயிர் கொடுத்தார்கள்; 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. அவர்கள் கட்டிய கிணறுகளில் மேலிருந்து மண் வந்து நிரம்பும்படி யாரும் தடம் போடக் கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2023 மே மாதம், இதே வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டுப் பகுதி மலையில் உள்ள அல்லேரி கிராமத்தில், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடலை ஊருக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை இல்லாததால் பாதியில் நின்றது. மீதி வழியைப் பெற்ற தாய், குழந்தையின் உடலைச் சுமந்து நடந்தே கடந்தார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்தது.

சைக்கிள்காரர் ஆசையோடு தேடிவரும் கரடுமுரடான தடமும் அந்தத் தாய் நடந்த தடமும் ஒரே வகைத் தடம். இதை மறந்துவிட்டு ஜவ்வாதில் மலை சைக்கிள் பற்றிப் பேசவே முடியாது. ‘தார் போட்டால் அழகு போய்விடும்’ என்று சமவெளியிலிருந்து வந்தவர் சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு எரிகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால், சாலை போன்ற பொது வசதிக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தைத் தர வழி வைத்திருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. வழி சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் சாலை. ஆம்புலன்ஸ் ஊர் வாசலில் நிற்கட்டும். சக்கர விளையாட்டுக்குத் தனித் தடம் அதற்குப் பிறகு, அதற்குப் பக்கத்தில்.

அந்தத் தடமும் ஊராரின் கையில் இருக்க வேண்டும்; காரணம், பிழைப்பு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள். சொந்த மலையில் பிழைப்பு இருந்தால், அடுத்த மாநிலக் காட்டுக்கு உயிரைப் பணயம் வைத்துப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? வழிகாட்டி வேலை, தங்க அறை, சாமைச் சோறு, பஞ்சர் ஒட்டும் கடை இவை மட்டுமே ஒரு மலையின் வறுமையைத் தீர்த்துவிடாது. ஆனாலும் காட்டில் கண்மூடி நடக்கத் தெரிந்த இளைஞருக்கு அந்த அறிவே சம்பளம் தரும் வேலை இது.

உலகத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில், சியெரா நோர்த்தே மலையில், சப்போத்தெக் பழங்குடியினரின் எட்டு ஊர்கள் தங்கள் பொதுக் காட்டைச் சேர்ந்தே நிர்வகிக்கின்றன. அவற்றுக்கிடையே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தடங்கள் நடக்கவும் மலை சைக்கிள் ஓட்டவும் இருக்கின்றன. வழிகாட்டிகள் ஊர்க்காரர்கள், தங்கும் குடில்கள் ஊருக்குச் சொந்தம், வருகிறவர்கள் கொடுக்கும் பணம் ஊருக்குள்ளேயே போகிறது. வெளியூர் நிறுவனம் வாடகைக்கு எடுத்து நடத்தும் சொகுசு முகாமைவிட இது எவ்வளவோ மேல். ஜவ்வாதின் ஊர்களும் அப்படி ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தால், வனத்துறையோடு சமமாக உட்கார்ந்து பேச முடியும்.

தொடங்குவதற்குப் புதிதாக மண் வெட்டவே தேவையில்லை. அமிர்தியிலிருந்து நம்மியம்பட்டு வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி, காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அதை அறிவிக்கப்பட்ட சைக்கிள் வழியாக்கி, ஊர்தோறும் தண்ணீருக்கும் முதலுதவிக்கும் ஓரிடம் வைத்தால் போதும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடிவிடலாம். அதற்கு மேல் வேலூர் வெயிலில் யாரும் வரப் போவதில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் ஓடைகள் பெருகும்போது நிறுத்திவைக்கும் உரிமை ஊராருக்கு இருக்க வேண்டும். எந்த ஓடை எப்போது காலை வாரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. கரடிகள் நடமாடும் நேரம் அது. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; அதற்கும் இருட்டு தேவை. ஹேண்டில்பாரில் கண்ணைப் பறிக்கும் விளக்கை மாட்டிக்கொண்டு வருகிறவரை மாலையிலேயே ஜமுனாமரத்தூரில் தங்கவைத்து, சாமைச் சோறு போட்டு, காலையில் அனுப்பலாம்.