காகிதக் குடையும் படிப்புதான்

மும்பையில் தமிழர்கள் நிறைந்த தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பகுதிகளில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பல வீடுகளில் ஒரு சச்சரவு தொடங்கிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை பால்வாடியிலிருந்து வீடு திரும்புகிறது. விரலெல்லாம் சாயம், சட்டையில் பசை, கையில் கோணலான ஒரு காகிதக் குடை. "ஏ, பி, சி, டி எழுதவில்லையா? காகிதம் கிழிக்கவா அங்கே அனுப்பினோம்?" என்று தந்தை சீறுகிறார். கடன் வாங்கியாவது இங்கிலீஷ் நர்சரியில் சேர்த்துவிட வேண்டும் என்று அன்றிரவே முடிவாகிறது.

தந்தையின் கவலையில் நியாயம் இருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகக்கூடிய சொத்து படிப்பு ஒன்றே. ஆனால் காகிதம் கிழிப்பது படிப்பாகாது என்று அவர் நினைப்பதுதான் தவறு.

பென்சிலைப் பிடிக்கக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். மூன்று வயதில் அந்த விரல்களுக்குப் போதிய வலு கிடையாது. மண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும் அந்த வலுவைத் தருகின்றன.

'மழை' என்று ஒரு வாரத்துக்கு ஒரு பொருளை ஆசிரியை எடுத்துக்கொண்டால், பஞ்சை ஒட்டினால் மேகம். பத்துத் துளிகளை எண்ணி ஒட்டினால் கணக்கு. காகிதக் கப்பல் நனைந்து மூழ்கினால் "ஏன் மூழ்கிச்சு?" என்று குழந்தையே கேட்கிறது. அந்தக் கேள்விதான் விஞ்ஞானத்தின் முதல் பாடம்.

வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பால்வாடியில் மராத்தி. வாய் திறக்கத் தயங்கும் குழந்தையும், பக்கத்துக் குழந்தையோடு சேர்ந்து குடைக்கு வண்ணம் தீட்டத் தயங்குவதில்லை. 'மழை', 'பாவுஸ்', 'பாரிஷ்' மூன்றும் ஒன்றே என்று விளையாட்டிலேயே புரிந்துவிடுகிறது.

இது பணக்காரப் பள்ளிகள் கண்டுபிடித்த புதுமை அல்ல. வக்கீல் தொழிலை விட்டுவந்த கிஜுபாய் பதேகா 1920-இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கென்று பால மந்திரம் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் மும்பைக்கு வடக்கே போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பால்வாடி நடத்தினார். விலையுயர்ந்த சாதனங்களை அவர் தேடவில்லை. சுற்றுப்புறத்தில் கிடைத்த இலை, விதை, கிளிஞ்சல், களிமண் ஆகியவற்றைக் கொண்டே பாடம் நடத்தினார். 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட அடிப்படைநிலைப் பாடத்திட்ட வரைவும் விளையாட்டின் வழியாகவே இந்த வயதினருக்குக் கற்பிக்கச் சொல்கிறது.

நர்சரிகள் சிலவற்றில் நடப்பதோ வேறு. கைவேலையையும் வீட்டுப்பாடமாக்கிவிடுகிறார்கள். வேலை முடிந்து வந்த தந்தை ஸ்டேஷனரி கடைக்கு ஓடுகிறார். தாய் இரவு பதினோரு மணிவரை தெர்மோகோல் வெட்டுகிறாள். குழந்தை தூங்கிவிடுகிறது. மறுநாள் கண்காட்சியில் பரிசு பெறுவது தாயின் கைவண்ணம். இதனால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. கோணலாக இருந்தாலும் குழந்தை தானே செய்ததற்குத்தான் மதிப்பு.

பெற்றோர் செய்யக்கூடியவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. தாராவி கும்பார்வாடாவில் குயவர்களிடம் களிமண் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கின்றன. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்து அழுத்தினால் பூ பூவாக அச்சு விழும். கோலம் போடத் தெரிந்த தாய் ஒருத்தி, பொங்கல் வாரத்தில் ஒரு மணி நேரம் பால்வாடிக்குப் போய்ப் புள்ளி வைத்துக் காட்டலாம். எல்லா மொழிக் குழந்தைகளும் சுற்றி உட்கார்ந்து பார்க்கும்.

பால்வாடி ஆசிரியைக்குப் பதிவேடு எழுதவும், சத்துணவு வழங்கவுமே நேரம் போதவில்லை. "ஏ, பி, சி, டி எங்கே?" என்று பெற்றோரும் நெருக்கினால், அவர் பசையையும் காகிதத்தையும் அலமாரியில் பூட்டிவிட்டுச் சிலேட்டைக் கையில் கொடுத்துவிடுவார். நஷ்டம் குழந்தைக்குத்தான்.

இனி குழந்தை காகிதக் குடையோடு வந்தால், "என்ன எழுதினே?" என்று கேட்க வேண்டாம். "இதை எப்படிடா கண்ணு செஞ்சே?" என்று தமிழில் கேட்டு, அந்தக் குடையைச் சுவரில் ஒட்டிவைக்கட்டும். எழுத்து தானாக வரும்.