பள்ளியா? பல்லியா?



சென்ற திங்கள் ஒரு மாலை. முத்தியாலுப்பேட்டையில் நமது படிப்பகத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் வந்தார். 1965-இல் மொழிப்போர் மூண்டபோது மாணவராக இருந்து ஊர்வலத்தில் நடந்தவர். கையிலே கைப்பேசி; முகத்திலே கலக்கம்.

"கிளைக் கூட்டத்துக்கு அழைப்பாம், தம்பி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் படித்துச் சொல்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அனுப்பியவர் நம் தோழர். அழைப்பு நம் கூட்டத்துக்கு. சொற்களெல்லாம் நம் சொற்கள். எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து! கூட்டம் நடக்கும் இடத்தைக் குறிக்கப் பி, ஏ, எல், எல், ஐ என ஐந்து எழுத்துகளை அடுக்கியிருந்தார் அந்த இளைஞர். பள்ளியில் கூட்டமா, பல்லியில் கூட்டமா? ஊரறிந்தவன் ஆதலால் பள்ளி என்று நான் புரிந்துகொண்டேன். பெரியவரும் சிரித்தார். ஆனால் போகும்போது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்: "தமிழைக் காக்கச் சிறைக்கும் போகத் துணிந்தோம். இன்றைக்கு நம் வீட்டுத் தமிழைப் படிக்கவே ஆள் தேடுகிறேன்."

சிறு செய்திதானே, இதற்கொரு ஞாயிறு கட்டுரையா என்று கேட்பீர்கள். சிறு செய்திதான். செருப்பில் புகுந்த முள்ளும் சிறிதுதான். ஆனால் ஊர்வலத்தையே அது நொண்ட வைத்துவிடும்!

நாம் வாழும் நகரை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயின் அவையிலே துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பகலெல்லாம் பரங்கியரோடு பேச்சு, பேரம், கணக்கு. ஆயினும் 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு தமிழிலே எழுதப்பட்டது. 1908-இல் இங்கே வந்து சேர்ந்த பாரதியார், பத்தாண்டுகள் இம்மண்ணிலே தங்கித் தமிழை வளர்த்தார். பிரெஞ்சு அரசின் பள்ளியிலே ஊதியம் பெற்ற ஆசிரியர்தான் பாவேந்தர் பாரதிதாசன். அவருடைய எழுதுகோல் எந்தத் துரைக்கும் தலைவணங்கியதில்லை. மூவண்ணப் பிரெஞ்சுக் கொடி 1954 நவம்பர் 1-இல் இறங்கிற்று. 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் புதுச்சேரியில் தமிழுக்கும், மாகியில் மலையாளத்துக்கும், ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தந்தது. ஆங்கிலமும் தொடரலாம் என்றது. சட்டம் தந்த இடத்தை நம் விரல்கள் எடுத்துக்கொண்டனவா? அதுவே கேள்வி.

நம் தெருக்களில் பிரெஞ்சு நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பலரைக் காண்கிறோம். அவர்களுடைய மடிக்கணினியைத் திறந்து பாருங்கள். ஆங்கிலப் பலகையில் 'க்யூ' இருக்கும் இடத்தில் அங்கே 'ஏ' இருக்கும். பிரெஞ்சுக்காரனுக்கென்று தனிப் பலகை! அதுவும் அவனுக்குப் போதவில்லை. பெரிய எழுத்தின் தலைமேல் இடவேண்டிய ஒரு சிறு கீற்று எளிதாக விழவில்லை என்பது அவனுடைய குறை. 2016-இல் அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகமே இதைக் குறையென அறிவித்தது. 2019-இல் புதிய தரப் பலகை வகுக்கப்பட்டது. ஒரு கீற்றுக்காக ஓர் அரசு கவலைப்படுகிறது. 247 எழுத்தும் அயலானின் 26 எழுத்துக்குப் பின்னே கைகட்டி நிற்பதுபற்றி நமக்குக் கவலை வேண்டாமா?

நமக்கென்று பலகை இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த ஆர். முத்தையா என்னும் தமிழர், இத்தனை எழுத்தை ஒரு சிறு பொறிக்குள் எப்படி அடக்குவது என்று இரவும் பகலும் எண்ணினார். மேற்குறி அடிக்கும்போது தாள் வண்டி நகராமல் நிற்க 'நகராவிசை' கண்டார். தமிழுக்குத் தட்டச்சுப் பொறி தந்தார். அந்தப் பொறியிலே 'யளனகபக' என்று அடித்துப் பழகிய விரல்கள் நம்மிடையே இன்னும் உண்டு. தட்டச்சுப் பயிலகத்தின் மரப்பலகையில் அமர்ந்து, பொறியின் ஓசைக்கேற்ப விரல் ஆடிய அந்த இன்பத்தை அவர்களைக் கேளுங்கள். கண் மலரச் சொல்வார்கள்.

பிறகு கணினி வந்தது. நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு, அலுவலகத்துக்கு ஒரு முறை என்று குழப்பமும் வந்தது. இங்கே அடித்த மடல் அங்கே திறந்தால் கட்டங்கட்டமாகக் காட்சி தரும். இந்நிலையில்தான் 1999 பிப்ரவரியில், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, சென்னையில் மாநாடு கூட்டினர். உலகெங்குமுள்ள தமிழறிஞரும் கணினி அறிஞரும் கலந்து பேசினர். அதன் விளைவே 'தமிழ் 99' பலகை.

அதன் அமைப்பைக் கேளுங்கள். உயிர் பன்னிரண்டும் இடப்பக்கம். மெய் பெரும்பாலும் வலப்பக்கம். இடக்கை உயிர் தர, வலக்கை மெய் தர, இரண்டும் கூடி உயிர்மெய் பிறக்கிறது! திண்ணைப் பள்ளியில் நாம் கற்ற இலக்கணமே விரலுக்கு வழிகாட்டுகிறது. உயிர் 12, மெய் 18, புள்ளியும் ஆய்தமுமாக ஒன்று. 31 விசை போதும், 247 எழுத்துக்கும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. இடையில் வரவேண்டிய புள்ளி தானே வந்து அமர்கிறது. ஆங்கில எழுத்தின் வழியே சென்றால் ஐந்து தட்டு. தாயை அழைக்கவும் சுற்றுவழியா?

"ஆங்கில எழுத்தில் அடித்தாலும் திரையிலே தமிழ்தானே வருகிறது" என்பார் சிலர். அந்த முறையை நான் இகழவில்லை. கடல் கடந்த தமிழர் பல்லாயிரவரைத் தமிழில் எழுதவைத்தது அதுவே. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். நெட்டப்பாக்கத்து உழவர், மேட்டுப்பாளையத்துத் தொழிலாளி, தமிழ் மட்டுமே அறிந்த தாய். இவர்கள் தமிழில் ஒரு மனு எழுத வேண்டுமானால் முதலில் ஆங்கிலம் கற்க வேண்டுமாம்! தமிழ் வீட்டுக்குள் நுழையத் தமிழன் ஆங்கிலச் சாவியைத் தேட வேண்டுமாம்! சாவி இல்லாதவர், மனு அடித்துத் தரும் கடையிலே கூலி கொடுத்துக் காத்து நிற்கிறார். படித்தவனுக்கு இது சிறு எரிச்சல். ஏழைக்கு இது அடைத்த கதவு. இவ்வேற்றுமையைக் காணாத மொழிப்பற்று மேடையோடு முடிந்துபோகும்.

"இப்போது வாயால் சொன்னாலே எழுதிவிடுகிறதே" என்பார் வேறு சிலர். சொல்லுங்கள், தடையில்லை. ஆனால் நூலகத்தில், அலுவலகத்தில், பத்துப் பேர் நடுவில் உங்கள் குறையை உரக்கச் சொல்லித்தான் எழுதுவீர்களா? சொன்ன ழகரம் ளகரமாக விழுந்தால் திருத்துவது எதனால்? விரலால்தானே!

தில்லியின் திறமையையும் பாருங்கள். கைப்பேசிகளுக்கென 2016-இல் வகுத்த இந்தியத் தர விதியில், எழுத்தை உள்ளிட ஆங்கிலம் கட்டாயம், இந்தி கட்டாயம். அவற்றோடு இன்னும் ஓர் இந்திய மொழி இருந்தால் போதும் என்றார்கள். இந்திக்கு நிலையான நாற்காலி. தமிழோ, மற்ற மொழிகளோடு வரிசையில் நின்று இடம்பிடிக்க வேண்டும்! அஞ்சல் அட்டையில் எதிர்த்த ஆதிக்கம் இன்று அங்குல அளவுப் பலகையிலே வந்து அமர்ந்திருக்கிறது. பயன்படுத்துவோர் பெருகினால் எந்த நிறுவனமும் நம் பலகையை ஒதுக்கத் துணியாது. பயன்படுத்தாமல் விட்டால், "கேட்பார் இல்லை" என்று கைவிரிப்பார்கள்.

ஆகவே அரசைக் கேட்போம்: புதுவையின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள ஒவ்வொரு பலகையிலும் தமிழெழுத்து பொறிக்கப்பட வேண்டும். ஆறாம் வகுப்பிலேயே தமிழ்த் தட்டச்சு கற்பிக்க வேண்டும். இணையவழி மனு ஒவ்வொன்றும் தமிழில் நிரப்பத்தக்கதாக அமைய வேண்டும்.

அரசைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நாள்தோறும் அரை மணி நேரம், ஒரு திங்கள் பழகுங்கள். முதல் வாரம் விரல் தடுமாறும், 'கழகம்' என்று அடிக்க நினைத்துக் 'கலகம்' என்று அடிப்பீர்கள், மாற்றார் மகிழ்வர்! பின்னர் ஒருநாள், பலகையைப் பாராமலே ஒரு முழு வரி பிறக்கும். அந்த இன்பத்தை அடைந்தவர் ஆங்கிலச் சாவிக்குத் திரும்பமாட்டார். கிளைக்கு இருவர் கற்றுக்கொண்டு, படிப்பகத்தில் மாலை வேளையில் மற்றவர்க்குக் கற்பியுங்கள். இனிக் கிளையின் அழைப்பு எதுவும் தமிழெழுத்தில் அன்றி வெளிவராது என்று உறுதி பூணுங்கள்.

அடுத்த அழைப்பை அந்த இளைஞரே தமிழில் அடித்து அனுப்பினார். ஓர் எழுத்துப் பிழையும் இருந்தது. பெரியவர் படிப்பகத்துக்கு வந்தார். இம்முறை கைப்பேசியை என்னிடம் நீட்டவில்லை. திண்ணையில் அமர்ந்து, தானே உரக்கப் படித்தார். "பள்ளியில்தான் கூட்டம்" என்றார். பிழையையும் அவரே சுட்டிக்காட்டினார், மகிழ்ச்சியோடு!