பேக்கரிக்காரர் போய்விட்டார், பாக்கி நிற்கிறது

சேலத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். வீட்டின் முன்புறக் கடையை பேக்கரிக்கு விட்டிருந்தார். மின் இணைப்பு அவர் பெயரில். ஒருநாள் பேக்கரிக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அட்வான்ஸ் வாடகை பாக்கிக்கே சரியாகப் போயிற்று. கரண்ட் பில் நின்றது, ஃபியூஸ் பிடுங்கப்பட்டது. "நான் ஒரு யூனிட்டுகூட எரிக்கலையே சார், நான் எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆனால் இணைப்பு யார் பெயரிலோ அவரோடுதான் மின்வாரியத்துக்கு ஒப்பந்தம். கட்டிவிட்டு பேக்கரிக்காரர்மீது வழக்குப் போடுங்கள் என்று மனமில்லாமல்தான் சொன்னேன்.

இரண்டு ஆண்டு கடந்தால் பாக்கி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு அப்படிச் சொல்வதாக நினைப்பு. கே.சி. நினான் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: காலக்கெடு இணைப்பைத் துண்டிப்பதற்குத்தான், வழக்குப் போட்டு வசூலிப்பதை அது தடுக்காது. மாநில விதிகளில் இடமிருந்தால், பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் புது இணைப்பு என்று, ஏலத்தில் இடத்தை வாங்கியவரிடமும் கேட்கலாம் என்றது. 1995இல் இஷா மார்பிள்ஸ் தீர்ப்பு ஏலதாரருக்குத் தந்த நிம்மதி இதனால் சுருங்கிவிட்டது.

வீட்டுக்காரரை இந்தச் சிக்கலில் மாட்டிவைப்பது பெரும்பாலும் அவருடைய பயமே. குடியிருப்பவர் பெயரில் இணைப்பு கொடுத்தால் நாளை இடத்துக்கே உரிமை கொண்டாடுவாரோ என்று அஞ்சுகிறார்கள். மின் ரசீது யாரையும் சொந்தக்காரராக்காது. சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமையாளரும் விண்ணப்பிக்கலாம், இடத்தை அனுபவிப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காக மட்டும் மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கடை, பட்டறை, மாவு மில்லுக்காவது வாடகைதாரர் தன் பெயரில் வைப்புத்தொகை கட்டி இணைப்பு வாங்கட்டும்.

மின்வாரியத்துக்கும் பொறுப்புண்டு. கையில் வைப்புத்தொகை இருக்கிறது. 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தந்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்கும் அதிகாரமும் இருக்கிறது. அதையும் மீறிப் பாக்கி பெருகினால் அந்தச் சுமை முழுவதையும் வீட்டுக்காரர் தலையில் ஏற்றுவது அநியாயம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதியைத் திருத்த வேண்டும்: பாக்கி விழுந்தவுடன் உரிமையாளருக்கும் தகவல் போக வேண்டும்; வாடகைதாரர் தன் பெயரில் வாங்கிய இணைப்பின் பாக்கியை உரிமையாளரிடமோ அடுத்து வருபவரிடமோ கேட்கக் கூடாது.

விதி மாறும்வரை, வீடு வைத்திருப்பவர்களே, இணைப்பில் பதிந்திருக்கும் கைபேசி எண் யாருடையது என்று இன்றே பாருங்கள். வசதிக்காக வாடகைதாரரின் எண்ணைக் கொடுத்திருந்தால் குறுஞ்செய்தி எதுவும் உங்களுக்கு வராது. காலி செய்யும் நாளில் மீட்டர் அளவைக் குறித்து, கரண்ட் கணக்கை முடித்த பிறகே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.