பாஸ்வேர்ட் மாறிவிட்டது, திருடன் வெளியேறவில்லை

அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய மெயில் கணக்கு திருடன் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் நடப்பது எங்கும் ஒரே மாதிரிதான். ஐடி பிரிவுக்கு போன் போகும். அங்கிருப்பவர் அட்மின் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றுவார். புதியதை ஊழியரிடம் கொடுத்து, “பாஸ்வேர்ட் மாத்தியாச்சு சார், இனிமே பிரச்சினை இல்ல” என்பார். புகார் முடித்துவைக்கப்படும். மேலாளர் மூச்சு விடுவார்.

இந்த நிம்மதியை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அதில் மறுப்பில்லை. மாற்றியதும் சம்பவம் முடிந்தது என்று நம்புகிறார்களே, அது பெரிய கேடு. நிம்மதி வந்ததும் எல்லாரும் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் திருடனுக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது.

கடவுச்சொல் எப்போது கேட்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நுழையும்போது மட்டும்தான். நாம் இன்னார் என்று உறுதியானதும் சர்வர் நம் பிரௌசருக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. அதன்பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் பிரௌசர் காட்டுவது அந்த டோக்கனைத்தான். காலையில் ஒருமுறை லாகின் செய்துவிட்டு மாலைவரை மெயில் பார்க்க முடிவது இதனால்தான். டோக்கன் இன்னொருவன் கையில் இருந்தால் அவனுக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டவனை, டிக்கெட் கவுன்ட்டரை மூடி இறக்கிவிட முடியுமா?

மைக்ரோசாஃப்ட்டின் நிறுவனக் கணக்குகளில் சாதாரணமாக ஒரு டோக்கன் 60 முதல் 90 நிமிடம் வரை செல்லும். அதைப் புதுப்பித்துக்கொள்ள உதவும் இன்னொரு டோக்கன் 90 நாள்வரை உயிரோடு இருக்கலாம். கூகுளில் கடவுச்சொல்லை மாற்றினால் பெரும்பாலான சாதனங்களிலிருந்து கணக்கு வெளியேறிவிடும். ஆனால் நாம் அனுமதி கொடுத்த வெளிச் செயலிகள் உள்ள சில சாதனங்கள் விதிவிலக்கு என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. அலுவலகத்துக்குள்ளேயே விண்டோஸ் சர்வர் வைத்து ஆக்டிவ் டைரக்டரி நடத்துபவர்களின் நிலைமை இன்னும் மோசம். அங்கே லாகின் செய்தவருக்குக் கிடைக்கும் கெர்பரோஸ் டிக்கெட் இயல்பாக 10 மணி நேரம் செல்லும். அந்த டிக்கெட்டைப் பூட்டியிருப்பது ஊழியரின் கடவுச்சொல் அல்ல, டொமைனுக்கே உரிய வேறொரு சாவி. ஊழியர் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் ஏற்கெனவே வாங்கிய டிக்கெட் செல்லாமல் போகாது.

“எங்களிடம் ஓடிபி இருக்கிறதே” என்பவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். 2021 செப்டம்பர் முதல் 10,000-க்கும் அதிகமான நிறுவனங்களைக் குறிவைத்த ஒரு மோசடியைப் பற்றி மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் விரிவாக எழுதியது. ஊழியருக்கு ஒரு மெயில் வருகிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் வழக்கமான லாகின் பக்கம் திறக்கிறது. உண்மையில் அது, நிஜப் பக்கத்துக்கும் ஊழியருக்கும் நடுவே திருடன் நிறுத்திவைத்த சர்வர். ஊழியர் அடிக்கும் கடவுச்சொல்லை அது நிஜப் பக்கத்துக்குக் கடத்துகிறது. அங்கே கேட்கப்படும் இரண்டாவது சரிபார்ப்பையும் ஊழியரிடமே வாங்கிக் கடத்துகிறது. லாகின் முடிந்து திரும்பிவரும் செஷன் குக்கீயில், அதாவது மேலே சொன்ன டோக்கனில், தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறது. ஊழியரின் கடவுச்சொல் இருபது எழுத்து நீளமாக இருந்திருந்தாலும் பலனில்லை.

அதற்குப் பிறகு திருடர்கள் செய்ததைத்தான் ஒவ்வொரு கணக்குப் பிரிவும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சில சம்பவங்களில் குக்கீ கைக்கு வந்த ஐந்தே நிமிடத்தில் பண மோசடிக்கான வேலை தொடங்கிவிட்டது. பணம் சம்பந்தப்பட்ட மெயில்களைத் தேடிப் படித்து, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு கடிதப் போக்குவரத்துக்குள் நுழைந்து, ஊழியரின் பெயரிலேயே பதில் எழுதினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பதில் கணக்குக்குரியவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதற்காக இன்பாக்ஸில் ஒரு ரூல் போட்டார்கள்: இந்த முகவரியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஆர்கைவ் ஃபோல்டருக்குப் போகட்டும், ‘படித்தது’ என்று குறிக்கப்படட்டும். ஊழியர் தன் இன்பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அவர் பெயரில் ஒரு பேரம் நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

இந்த ரூலுக்கும் கடவுச்சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடவுச்சொல் மாறினாலும் ரூல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஃபார்வர்டு ரூல் போட்டிருந்தால் திருடன் திரும்ப லாகின் செய்யவே தேவையில்லை, வருகிற ஒவ்வொரு மெயிலின் பிரதியும் அவனைத் தேடிப் போகும். 2023-இல் இதே வகையான தாக்குதல் ஒன்றில், திருடர்கள் தங்கள் போன் எண்ணையே ஊழியரின் இரண்டாவது சரிபார்ப்பாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்குமேல் ஓடிபி யாருக்குப் போகும்? கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது, செஷன்களை ரத்து செய்து, சேர்க்கப்பட்ட சரிபார்ப்பு முறையையும் நீக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே சொன்னது. கடவுச்சொல் திருடப்படாமலேயே கணக்கு பறிபோவதும் உண்டு. 2017 மே மாதத்தில் ‘கூகுள் டாக்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலிச் செயலி, கூகுளின் நிஜமான அனுமதிப் பக்கத்திலேயே வந்து நின்று, மெயிலைப் படிக்கவும் அனுப்பவும் உரிமை கேட்டது. ‘அனுமதி’ என்பதைத் தொட்டதோடு எல்லாம் முடிந்தது.

மைக்ரோசாஃப்ட்டின் பழக்கமான மெயில் கதைகளை விடப் பெரிய பாடம் கிளவுட்ஃபிளேரிடம் இருக்கிறது. இணையத்தின் கணிசமான பகுதியைத் தன் வலைப்பின்னல் வழியாகக் கடத்தும் நிறுவனம் அது. பாதுகாப்புதான் அதன் தொழிலே. 2023 அக்டோபரில், லாகின் சேவை தரும் ஒக்டா நிறுவனம் ஊடுருவப்பட்டபோது, கிளவுட்ஃபிளேரின் ரகசியச் சாவிகள் ஆயிரக்கணக்கில் கசிந்தன. அவற்றை அது மாற்றியது. ஒரு டோக்கனும், மனிதர்கள் அல்லாமல் மென்பொருள்கள் பயன்படுத்தும் மூன்று சர்வீஸ் கணக்குகளும் மட்டும் விடுபட்டன. மறதி காரணமல்ல. அவை பயன்பாட்டில் இல்லை என்று தவறாக நினைத்துவிட்டார்கள்.

நவம்பர் 14 அன்று ஊடுருவியவர்கள் அந்த டோக்கனையும் கணக்குகளையும் கொண்டே நோட்டம் பார்க்கத் தொடங்கினார்கள். உள் விக்கிப் பக்கங்களுக்கும், பிழைகளைப் பதியும் ஜிரா தளத்துக்கும் போனார்கள். ஒரு சர்வீஸ் கணக்கைக் கொண்டு, சாதாரண ஊழியருடையதுபோல் தோன்றும் ஒரு புதிய கணக்கை உருவாக்கிக்கொண்டார்கள். பழைய கணக்கு மூடப்பட்டாலும் புதியது இருக்கும் என்ற ஏற்பாடு அது. நவம்பர் 22 அன்று, அதுவும் போனாலும் உள்ளே இருக்க வேண்டும் என்று, அந்த விக்கியும் ஜிராவும் ஓடும் அட்லாசியன் சர்வரிலேயே ஸ்லைவர் என்ற பின்வாசல் கருவியை நிறுவினார்கள். நிரல் களஞ்சியத்துக்குள்ளும் நுழைந்தார்கள்.

மறுநாள் நவம்பர் 23, அமெரிக்காவில் நன்றி நவிலல் விடுமுறை. 16:00 மணிக்கு கிளவுட்ஃபிளேரின் பாதுகாப்புக் குழுவுக்கு எச்சரிக்கை வந்தது. 35 நிமிடத்தில் முதல் சர்வீஸ் கணக்கை முடக்கினார்கள். நம் அலுவலகங்களில் இந்த இடத்தில் புகாரை முடித்திருப்பார்கள். அவர்கள் தேடுவதை நிறுத்தவில்லை. இன்னும் 48 நிமிடம் கழித்து, திருடன் உருவாக்கிய ஊழியர் கணக்கு கண்ணில் பட்டது, அதையும் முடக்கினார்கள். இரண்டு கணக்கும் செத்த பிறகும் ஸ்லைவர் அங்கேயே இருந்தது. 24-ஆம் தேதிதான் அதை அகற்ற முடிந்தது. வாடிக்கையாளர் தரவு பாதிக்கப்படவில்லை என்பது தெரிந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை: 5,000-க்கும் மேற்பட்ட சாவிகளை மாற்றினார்கள், 4,893 கணினிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். விட்டுப்போன நான்கையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “அவங்க பெரிய கம்பெனி. எங்க ஆபீஸ்ல இருக்கறது ஒரே ஒரு ஐடி ஆள், அவரேதான் பிரிண்டரும் பார்க்கணும்.” இது நியாயமான வருத்தம். ஆனால் நான் கேட்பதற்கு ஆள் பலம் தேவையில்லை. எல்லா செஷன்களையும் ரத்து செய்வது, ரூல்களைத் திறந்து பார்ப்பது, புதிதாகச் சேர்ந்த போன் எண்ணைத் தேடுவது, வெளிச் செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளைப் பார்ப்பது எல்லாம் கடவுச்சொல்லை மாற்றிய அதே அட்மின் பக்கத்திலும் கணக்கின் அமைப்புகளிலும் கிடைக்கும் வேலைகள். காபி குடித்து முடிக்கும் நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். இன்னொரு வாதம், கணக்கை முழுதாக முடக்கினால் வேலை நின்றுவிடும் என்பது. கணக்காளரின் மெயில் அரை நாள் நிற்பதால் வரும் நஷ்டத்தையும், வாடிக்கையாளரின் பணம் ஒரே முறை தவறான வங்கிக் கணக்குக்குப் போனால் வரும் நஷ்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எனக்கு இதில் தயக்கமே இல்லை: முதலில் கணக்கை முடக்குங்கள், செஷன்களை வெட்டுங்கள், பிறகு கடவுச்சொல்லைத் தொடுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் கடவுச்சொல்லை அடுத்தடுத்து இரண்டு முறை மாற்றச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். அதையும் செய்யுங்கள். ஊழியரின் கணினியிலேயே வைரஸ் இருந்தால் புதிய கடவுச்சொல்லும் நேராகத் திருடனிடமே போகும். ஆகவே அந்த இயந்திரத்தை நெட்வொர்க்கிலிருந்து கழற்றாமல் புதிய கடவுச்சொல்லை அதில் அடிக்க விடாதீர்கள்.

அவசரத்தில் செய்யும் இன்னொரு தவறு, அழிப்பது. திருடன் போட்ட ரூலைப் பார்த்ததும் கோபத்தில் நீக்கிவிடுகிறார்கள், சிலர் கணக்கையே நீக்குகிறார்கள். அந்த ரூலில்தான் எந்த வாடிக்கையாளரைக் குறிவைத்தார்கள் என்ற விவரம் இருக்கிறது, பிரதி போன முகவரியும் அதில்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லாகின் பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு நீக்கலாம். இது சட்டத்தின் கட்டளையும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களிடம் தெரிவிப்பதற்கு என்ன இருக்கும்? பணம் போய்விட்டது என்று தெரிந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அப்போதே அழைக்க வேண்டும். உள் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நிலுவையில் உள்ள இன்வாய்ஸ்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்ய வேண்டும். மெயில் அல்ல, போன். “எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை, மாறியதாக எங்கள் பெயரில் ஏதாவது வந்திருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். இந்த வேலையைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். மானம் போகும் என்று பயம். கடவுச்சொல் மாற்றியதோடு முடிந்தது என்ற நம்பிக்கை அந்தப் பயத்துக்கு ஒரு சாக்காகிவிடுகிறது.

அதே நம்பிக்கை ஊழியர் தலையிலும் பழியைச் சுமத்துகிறது. கடவுச்சொல்தான் பிரச்சினை என்றால், அதை வைத்திருந்தவர்தான் குற்றவாளி. “உங்க பாஸ்வேர்ட் வீக்கா இருந்துச்சு மேடம்” என்று எல்லார் முன்னாலும் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். திட்டு வாங்கிய ஊழியர் அடுத்த முறை எதையும் சொல்ல வரமாட்டார். அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பெரும்பகுதி விவரம் அவரிடம்தான் இருக்கிறது, லாகின் பதிவில் இல்லாத விவரமும் அதில் உண்டு. எந்த மெயிலைத் திறந்தார், அது யார் பெயரில் வந்தது, லாகின் பக்கம் எத்தனை மணிக்குக் கடவுச்சொல் கேட்டது, போனில் வந்த எந்தக் கோரிக்கைக்கு ‘சரி’ கொடுத்தார், பிறகு வேறு யாருக்காவது அதே மெயிலை அனுப்பினாரா. அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, தனியாக உட்காரவைத்து, இவற்றைக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் அந்த மணியிலிருந்துதான் லாகின் பதிவுகளைப் படிக்கத் தொடங்க வேண்டும்.