தீவுகள் காணாமல் போன படமும் வெள்ளைக் கரடியும்

2012ல் என்பிரிட்ஜ் என்ற கனடா நிறுவனத்தின் அனிமேஷன் படம் ஒன்று பெரிய சர்ச்சையானது. அல்பர்ட்டாவின் தார் மணலில் எடுக்கும் எண்ணெய் 1,177 கிலோமீட்டர் குழாயில் மலை தாண்டி கிட்டிமாட் துறைமுகத்துக்கு வரும், அங்கிருந்து டாங்கர் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்குப் போகும் என்று விளக்குகிற படம். அதில் டக்ளஸ் கால்வாய் அகலமாக, வெட்டவெளியாக இருந்தது. மாலுமி தூங்கிக்கொண்டே கப்பல் ஓட்டலாம்! நிஜத்தில் அந்த வழி முழுக்கத் தீவுகள். சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தீவுகள் படத்தில் காணாமல் போயிருந்தன. கேட்டதற்கு, இது பொதுவான விளக்கப்படம்தான் என்று பதில் வந்தது.

வேண்டுமென்றே செய்தார்களா என்பது இருக்கட்டும். "நாலு போட்டோ எடுத்தால் கடற்கரை பிழைத்துவிடுமா?" என்று கேலி செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும். படத்தால் ஒன்றும் ஆகாது என்றால் எண்ணெய் நிறுவனம் ஏன் படம் எடுக்கிறது? பிரிட்டிஷ் கொலம்பியாவின் அந்தக் கரையை, கிரேட் பேர் மழைக்காட்டை, நேரில் பார்த்த கனடாக்காரர்களே குறைவு. சாலை கிடையாது. பார்க்காத இடத்தைப் பற்றி யார் முதலில் படம் காட்டுகிறாரோ, அவர் காட்டியதுதான் இடம்.

2010ல் இயற்கைப் புகைப்படக்காரர்கள் ஒரு கூட்டமாக அங்கே போய் இறங்கினார்கள். பால் நிக்லன், கிறிஸ்டினா மிட்டர்மையர் போன்ற பெரிய கைகள். அந்தப் பயணத்திலிருந்து 'ஸ்பாயில்' என்ற ஆவணப்படம் வந்தது. 2011 ஆகஸ்டில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் நிக்லன் எடுத்த வெள்ளைக் கரடி! (துருவக் கரடி இல்லை சார். கருங்கரடிதான், ஒரு மரபணுவால் வெள்ளையாகப் பிறக்கிறது.) வருஷத்துக்கு 220 டாங்கர் வரப்போகிற வழியில் இப்படி ஒரு பிராணி இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. நல்ல வேலை, சந்தேகமில்லை.

ஆனால் கோளாறும் இங்கேதான். அந்தப் படத்தில் கிட்காட் பூர்வகுடி மக்களும் பேசுகிறார்கள். ஊர் சுற்றியது மட்டும் கரடி. ஆளில்லாத காடு, அதில் அழகான மிருகம், அதைக் காப்பாற்ற வெளியூர்க்காரர் என்ற கதை சுலபமாக விற்கும். தீவை அழித்தது ஒரு படம் என்றால், ஊரை அழிப்பது இன்னொரு படம்.

அந்த ஊர் ஹார்ட்லி பே. தெருவுக்குப் பதில் மரப்பலகை நடைபாதை. 2006 மார்ச் 22 நள்ளிரவில் 'குயின் ஆஃப் தி நார்த்' என்ற பயணிகள் கப்பல் கில் தீவில் மோதி மூழ்கியபோது, சிறு படகுகளை எடுத்துக்கொண்டு இருட்டில் பாய்ந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கப்பலில் இருந்த 101 பேரில் 99 பேர் பிழைத்தார்கள். டாங்கர்களுக்குக் குறித்த வழியும் அதே ரைட் சவுண்ட் வழியாகத்தான்! இந்தக் கடலில் கப்பல் முட்டாது என்று அவர்களிடம் போய் அனிமேஷன் காட்டினால் எப்படி இருக்கும்?

குழாய்த் திட்டத்தை வீழ்த்தியதும் கரடி இல்லை. 2014ல் ஹார்ப்பர் அரசு அனுமதி கொடுத்தது. கிட்காட், ஹைடா, ஹெய்ல்ட்சுக் முதலான பூர்வகுடிகள் வழக்குப் போட்டார்கள். அவர்களிடம் அரசு முறையாகக் கலந்து பேசவில்லை என்று சொல்லி 2016 ஜூனில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதே நவம்பரில் ட்ரூடோ அரசு திட்டத்தை நிராகரித்தது. 2019ல் சட்டமே வந்தது: 12,500 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் ஏற்றிய கப்பல் வடகரைத் துறைமுகங்களில் நிற்கக்கூடாது. புகைப்படம் ஊரைத் திரட்டியிருக்கலாம், கோர்ட்டில் நின்றது அங்கே வாழ்கிறவர்களின் உரிமை.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. 2016 அக்டோபரில் பெல்லா பெல்லா அருகே 'நேதன் ஈ. ஸ்டூவர்ட்' என்ற இழுவைக் கப்பல், காலி எண்ணெய்த் தெப்பத்தோடு பாறையில் ஏறி மூழ்கியது. ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் டீசல் கடலில் கலந்தது. ஹெய்ல்ட்சுக் மக்கள் மட்டி எடுக்கும் இடம் மூடப்பட்டது. இந்த அளவுக் கப்பலை 2019 சட்டம் தொடவே இல்லை. டீசல் படிந்த மட்டித்துறையை எந்தப் பத்திரிகை அட்டையில் போடும்? மட்டிக்குக் கரடி மாதிரி முகவெட்டு கிடையாதே!

2025 நவம்பரில் கனடாவின் மத்திய அரசும் அல்பர்ட்டாவும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், மேற்குக் கரைக்குப் புதிய குழாய் பற்றியும், தேவைப்பட்டால் டாங்கர் தடையில் மாற்றம் செய்வது பற்றியும் பேச்சு வந்துவிட்டது. கேமராக்கள் மறுபடி கிளம்பும், கிளம்பவும் வேண்டும். கரடி வெளியே வர எப்படியும் நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் மைக்கை எடுத்துக்கொண்டு, 2006ல் படகு எடுத்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.