ஒட்டுவில்லைக்குக் கொடுக்கும் விலை

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்கு முன்பே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: எந்த மடிக்கணினி வாங்குவது? நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மாணவருக்காக ஒரே தடவையில் செலவிடப்படும் மிகப் பெரிய தொகை இதுவாகத்தான் இருக்கும். சிலருக்கு அது பெற்றோரின் சேமிப்பு. பலருக்கு அது பி.டி.பி.டி.என். கடன், அதாவது, பட்டம் பெற்ற பிறகு 1 விழுக்காடு உஜ்ராவோடு மாதா மாதம் தாமே திருப்பிக் கட்ட வேண்டிய பணம். இவ்வளவு பெரிய தொகையை நாம் எதை நம்பிக் கொடுக்கிறோம்? பெரும்பாலும், விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் கட்டைவிரல் அளவு ஒட்டுவில்லையை நம்பித்தான்.

நம் வீடுகளில் இது தொடர்பாக இரண்டு வாக்கியங்கள் வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றன. "வாங்குறதுதான் வாங்குற, ஐ7ஆ வாங்கிடு" என்பது ஒன்று. "ஏ.எம்.டி. வேணாம், சூடாகும்" என்பது மற்றொன்று. சொல்பவர் மாமாவாக இருக்கலாம், ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம், கடையில் நிற்கும் விற்பனையாளராகவும் இருக்கலாம். முதல் வாக்கியம் பல வேளைகளில் தவறு. இரண்டாவது, காலாவதியான உண்மை. மடிக்கணினி வாங்கும்போது இன்டெலா, ஏ.எம்.டி.யா என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், முதலில் அல்ல என்பதே என் கருத்து.

மேலே செல்வதற்கு முன் ஒரு சொல் விளக்கம். கைப்பேசியில் நாம் பதிவிறக்கும் மென்பொருளுக்குச் 'செயலி' என்ற பெயர் நிலைத்துவிட்டதால், கணினியின் மூளையைச் 'செயலி' என்று சொன்னால் குழப்பம் வருகிறது. ஆகவே இக்கட்டுரையில் 'சில்லு' என்றே சொல்கிறேன்.

அந்த ஒட்டுவில்லைக்கும் ஒரு வரலாறு உண்டு. 386, 486 என்ற எண்களை எந்த நிறுவனமும் தன் வணிகப் பெயராக உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றத்தில் ஆனபோது, இன்டெல் எண்களை விட்டுவிட்டுப் பெயர்களுக்கு மாறியது. 1991இல் 'இன்டெல் இன்சைட்' விளம்பரம் தொடங்கியது. 1993இல் பெண்டியம் வந்தது. கணினிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஓர் உறுப்பை வாங்குபவரே பெயர் சொல்லிக் கேட்கும்படி செய்தது, விளம்பர உலகின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. பிறகு 2008இல் கோர் ஐ7, 2009இல் ஐ5, 2010இல் ஐ3 என்ற படிவரிசை வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது மிக எளிதாகப் புரிந்தது. தேர்வுப் புள்ளிகளைப் போல, ஏழு ஐந்தைவிடப் பெரியதுதானே!

பெரியதுதானா? 2016இல் மடிக்கணினிகளுக்கென வெளிவந்த ஐ7 7500யு என்ற சில்லைப் பாருங்கள். அதனுள் இருந்த கணக்கிடும் கருக்கள் இரண்டே இரண்டு. அதே தலைமுறையில் மேசைக் கணினிக்கு 'ஐ3' என்ற பெயரில் விற்கப்பட்ட 7100 சில்லிலும் இரண்டு கருக்கள்தாம். அடுத்த ஆண்டு, 2017இல், ஐ5 8250யு வந்தது. அதில் நான்கு கருக்கள். பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது அந்த ஐ5, ஓராண்டே மூத்த ஐ7ஐ எளிதாக முந்தியது. அந்தச் சமயத்தில் கடையில் 'கழிவு விலை' என்று பழைய ஐ7ஐ வாங்கிக்கொண்டு பெருமையாக வீடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

இத்தனை ஆண்டுகள் இரண்டு கருக்களோடு காலம் தள்ளிய இன்டெல், 2017இல் திடீரென்று நான்குக்கு ஏன் தாவியது? அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் ஏ.எம்.டி. ரைசன் சில்லுகளை வெளியிட்டது. கருக்களை அள்ளி வழங்கியது. விலையையும் குறைவாக வைத்தது. முழுக் காரணமும் அதுதான் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் போட்டியாளர் தூங்கியபோது இன்டெலும் மெல்ல நடந்தது. போட்டியாளர் எழுந்ததும் ஓடத் தொடங்கியது. ஏ.எம்.டி.யை ஒருநாளும் வாங்காதவரும் ஏ.எம்.டி.யால் பயனடைந்திருக்கிறார் என்பதைத்தான் இது காட்டுகிறது.

'சூடாகும்' என்ற பழிக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. 2011இல் வந்த புல்டோசர் வடிவமைப்பும் அதன் வழித்தோன்றல்களும் மின்சாரத்தை அதிகமாகக் குடித்துக் குறைவாக உழைத்தன. அந்த ஆண்டுகளில் மலிவு விலை ஏ.எம்.டி. மடிக்கணினி வாங்கியவர்களின் மனக்குறை நியாயமானது. ஆனால் ரைசனுக்குப் பிறகு வடிவமைப்பே வேறு. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தை வைத்து இன்று ஒரு பொருளை ஒதுக்குவது, பழைய நாட்காட்டியைப் பார்த்துத் தீபாவளிக்கு விடுப்பு எடுப்பதைப் போன்றது.

'ஏ.எம்.டி.யில் சில மென்பொருள்கள் ஓடாது' என்ற பேச்சும் இன்னும் உலவுகிறது. இதற்குப் பதில் சுவையானது. இன்று நாம் அனைவரும் பயன்படுத்தும் 64 பிட் விண்டோஸ் எந்தக் கட்டளைத் தொகுதியில் இயங்குகிறதோ, அதை வகுத்துக் கொடுத்ததே ஏ.எம்.டி.தான். 2003இல் அது வெளியிட்டதை 2004இல் இன்டெலும் ஏற்றுக்கொண்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஏ.எம்.டி.யின் கொடி பிடிப்பதாக எண்ணிவிட வேண்டாம். பெயர் விளையாட்டில் அதுவும் சளைத்ததன்று. 2023 மாடலாக வந்த ரைசன் 5 7520யு என்ற சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 'ஏழாயிரம்' இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு; நான்கு கருக்கள். அதே வரிசையில் 7530யு என்றால் ஜென் 3. 7540யு என்றால் ஜென் 4. மூன்றாவது இலக்கத்தில்தான் இரகசியம் ஒளிந்திருக்கிறது. பத்து எண் வித்தியாசத்துக்குள் ஒரு தலைமுறையையே மறைத்து வைப்பதை வேறு எப்படிச் சொல்வது? இன்டெலும் 2023இல் 'ஐ' எழுத்தைக் கைவிட்டு 'கோர் அல்ட்ரா' என்று தொடங்கியது. பக்கத்திலேயே அல்ட்ரா இல்லாத வெறும் 'கோர் 5', 'கோர் 7' என்ற பெயர்களில் பழைய வடிவமைப்பையே மெருகேற்றியும் விற்றது. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டும் கலையில் இரு வீட்டாருமே கெட்டிக்காரர்கள்.

விடுதி அறைகளில் இன்டெல் கட்சி, ஏ.எம்.டி. கட்சி என்று பிரிந்து நின்று சண்டையிடும் நண்பர்களுக்கு ஒரு தகவல். 1972இல் பினாங்கு, பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டபோது இன்டெலும் வந்தது, ஏ.எம்.டி.யும் வந்தது. அமெரிக்காவில் வழக்குமன்றம் வரை சென்று மோதிக்கொண்ட இரு நிறுவனங்களும் இங்கே ஒரே வட்டாரத்தில், சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலையைச் செய்தன. பழைய இன்டெல் சில்லுகளின் முதுகில் 'மலாய்' என்று பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உலகத்துக்கே அனுப்பிய சில்லுகளைப் பொதியிட்ட நாட்டில் வாழ்ந்துகொண்டு, நாம் ஒட்டுவில்லையைப் பார்த்து மயங்குவது வேடிக்கைதான். இன்னொன்று: ஏ.எம்.டி. தன் சில்லுகளைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் செய்விக்கிறது. இன்டெல் 2024இல் மெல்லிய மடிக்கணினிகளுக்காக வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி சில்லுகளின் கணிப்புப் பகுதியும் அதே டி.எஸ்.எம்.சி.யில்தான் உருவானது. கட்சி மாறாமல் இருப்பவர்கள் நாம் மட்டுமே!

சரி, எதைத்தான் பார்ப்பது? முதலில் ரேம் எனப்படும் நினைவகம். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து, ஒரு பக்கம் பவர்பாயிண்ட், இன்னொரு பக்கம் காணொளிச் சந்திப்பு என்று வேலை செய்யும் மாணவருக்கு 8 கிகாபைட் மூச்சுத் திணறும். என்னைக் கேட்டால், 8 கிகாபைட் உள்ள ஐ7ஐவிட 16 கிகாபைட் உள்ள ஐ5 நூறு மடங்கு மேல். கடைகளில் நடப்பதோ நேர்மாறு. ஒட்டுவில்லையில் பெரிய எண்ணைக் காட்டிவிட்டு நினைவகத்தில் கையைக் கடிக்கிறார்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவக விலை கிடுகிடுவென்று ஏறியதிலிருந்து இந்தத் தந்திரத்துக்கு இன்னும் ஊக்கம் வந்திருக்கிறது. 'பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்ற வாக்குறுதியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; நான் சொன்ன 200வி வரிசையிலோ சில்லோடு சேர்ந்தே வருகிறது. அவற்றில் வாங்கும் நாளில் உள்ளதுதான் கடைசி நாளிலும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். காட்சிக்கு வைத்த கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் செயல்திறன் பகுதியில் சில்லின் முழுப் பெயர், கருக்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு ஆகியவை தெரியும். பல கணினிகளில் நினைவகச் செருகிடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் நம்முடையது.

அடுத்தது திரை. நான்கு ஆண்டுகள் நாம் உற்றுப் பார்க்கப்போவது சில்லை அல்ல, திரையை. விவரப் பட்டியலில் '45 விழுக்காடு என்.டி.எஸ்.சி., 250 நிட்ஸ்' என்றிருந்தால் வண்ணம் வெளிறியிருக்கும். உணவகத்தின் திறந்த வெளியில் உட்கார்ந்து வேலை செய்வது கண்ணுக்குத் தண்டனை. எடை, மின்கல ஆயுள், நம் ஊரில் பழுது பார்க்கும் மையம் இருக்கிறதா என்பனவும் சில்லுக்கு முன்னே வருபவை. இன்னொன்றும் உண்டு. ஒரே சில்லைத் தாங்கிய இரண்டு மடிக்கணினிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. காற்றாடியும் வெப்பம் போக்கும் அமைப்பும் சிறியதாக இருந்தால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய உடலில் அடைக்கப்பட்ட ஐ7, குதிரையைக் கோழிக்கூண்டில் கட்டிய கதை.

'பொறியியல் மாணவர்களுக்கு வேகமான சில்லு தேவையில்லையா?' என்று கேட்கலாம். தேவைதான். முப்பரிமாண வரைகலை, காணொளித் தொகுப்பு, பெரிய கணிப்புகள் ஆகியவற்றைச் செய்பவர்கள் 'எச்' என்று முடியும் சில்லையும் தனி வரைகலை அட்டையையும் நாடத்தான் வேண்டும். எடையையும் மின்கலத்தையும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கலைப்புலம், கல்வி, சட்டம், வணிகம் பயிலும் நண்பர்கள் எதற்காக அந்தச் சுமையைத் தோளில் தூக்க வேண்டும்? முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985இல் தோன்றியபோது இருந்த கணினிகளின் ஆற்றல் இன்றைய கைக்கடிகாரத்துக்கும் ஈடாகாது. தமிழில் தட்டச்சுச் செய்ய ஐ9 வேண்டாம்.

இப்போது புதிதாகச் 'செயற்கை நுண்ணறிவுக் கணினி' என்ற ஒட்டுவில்லையும் சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்றவை நம் மடிக்கணினிக்குள் ஓடவில்லை. எங்கோ இருக்கும் வழங்கிகளில் ஓடுகின்றன. பழைய கணினியிலும் அவை அதே பதிலைத்தான் தரும். இந்த முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நன்மை உண்டு. மைக்ரோசாப்டின் 'கோபைலட் பிளஸ்' முத்திரை பெறக் குறைந்தது 16 கிகாபைட் நினைவகம் வேண்டும் என்பது விதி. அந்த வகையில் அதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

மூன்றாம் தரப்பினரையும் மறக்கவில்லை. 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த ஆப்பிள், மின்கல ஆயுளில் இரு நிறுவனங்களையும் வெட்கப்பட வைத்தது. 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் விண்டோஸ் மடிக்கணினிகளுக்குள் நுழைந்தது. இரண்டும் நல்லவையே. எனினும், உங்கள் துறை விரிவுரையாளர் பயன்படுத்தச் சொல்லும் மென்பொருள் அவற்றில் ஓடுமா என்று மூத்த மாணவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆக, நடுத்தரச் செலவில் வாங்க நினைப்பவருக்கு என் பரிந்துரை இது: அண்மைத் தலைமுறை ரைசன் 5 அல்லது கோர் அல்ட்ரா 5, 16 கிகாபைட் நினைவகம், 512 கிகாபைட் எஸ்.எஸ்.டி., கண்ணுக்கு இதமான திரை. இவை அனைத்தும் பொருந்திய பிறகு விலை குறைந்தது எதுவோ அதுவே நல்ல நிறுவனம். ஏழுக்கும் ஒன்பதுக்கும் கேட்கும் சில நூறு ரிங்கிட்டில் நீட்டித்த உத்தரவாதம் வாங்கலாம், வெளிவன்தட்டு வாங்கலாம், ஒரு பருவத்துக்கான புத்தகங்களே வாங்கலாம். 'ஐ7 நெடுநாள் உழைக்கும்' என்பதற்கு என் பதில், முதலில் உடைவது கீல், விசைப்பலகை, மின்கலம் ஆகியவைதாம் என்பது.

அவ்வளவு பணமும் இல்லாதவர்கள் அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளை வாங்குகிறார்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. பல நல்ல கணினிகள் அப்படிக் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மேலே சொன்ன ஐ7 7500யு அந்தப் பட்டியலில் இல்லை. ஐ5 8250யு இருக்கிறது. பழைய ஏ.எம்.டி. சில்லுகளையும் மைக்ரோசாப்ட் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

நம் மொழிக் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். புதிய மாணவர்கள் பதிந்துகொள்ளும் வாரத்தில் நாம் வழக்கமாகப் போடும் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசையும் போடுவோம். மூத்த மாணவர்கள் ஐந்தாறு பேர் தாங்கள் பயன்படுத்தும் மடிக்கணினிகளைக் கொண்டு வரட்டும். விலை, வாங்கிய ஆண்டு, படிக்கும் துறை, இதுவரை வந்த பழுது ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி வைக்கட்டும். தம்பி தங்கைகள் உட்கார்ந்து அரை மணி நேரம் தட்டிப் பார்க்கட்டும். பெற்றோரும் கூடவே நிற்பார்கள். அவர்களுக்குத் தமிழிலேயே விளக்கலாம். இதற்குத் தேவை இரண்டு மேசைகளும் ஒரு நீண்ட மின்கம்பியும்தான். ஒட்டுவில்லைகளை மட்டும் அன்று ஒரு நாள் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவோம்.